கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு வண்டி விடுகிறீர்களா? பக்கத்திலேயே நில்லுங்கள்

மூன்று இக்னிஷன் காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் உயர் வோல்ட் காயில்) போய்விட்டது. பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் கேஜில் அளப்பதுதான் கம்ப்ரெஷன் டெஸ்ட். எஞ்சின் எப்படி இருக்கிறது என்று அப்படிப் பார்க்கக் கொடுத்த வண்டியில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மூன்று காயிலை எரித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நேற்று நடந்தது.

எல்லாக் கம்பெனி காரும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, பிளக்குக்கு ஒரு காயில். "காயில் கனெக்டர், இன்ஜெக்டர் கனெக்டர் எல்லாத்தையும் கழட்டிட்டுத்தானே ஸ்டார்ட்டர் அடிச்சு எஞ்சினைச் சுத்துவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லணுமா சார், தினம் பண்ற வேலை" என்று சாவியை வாங்கிக்கொண்டார் மூத்த மெக்கானிக். அந்த ஒரு பேச்சை நம்பிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே போனால், நாலு காயிலும் கனெக்டர் மாட்டியபடியே எஞ்சின் மேல் கிடக்கின்றன. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, காயில் முனையில் சட் சட்டென்று பொறி. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் அடிக்கிறது, பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வருகிறது. தீப்பிடிக்காதது ஒன்றுதான் மிச்சம்.

காயிலின் பிரைமரி சுற்றில் (பேட்டரி பக்கம்) கரண்ட் அறுபடும் நொடியில் செகண்டரி சுற்றில் (பிளக் பக்கம்) பல ஆயிரம் வோல்ட் எழும்பும். பிளக் இருந்தால் அது பொறியாகி இறங்கிவிடும். இல்லையென்றால் இறங்க வழியின்றி 30,000 வோல்ட்டையும் தாண்டி ஏறி, காயிலின் இன்சுலேஷனையே துளைத்துவிடும். அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து அடி வாங்கும். தப்பித்த நாலாவது காயிலின் ஸ்பிரிங் முனை மட்டும் எஞ்சின் பிராக்கெட்டை ஒட்டிக் கிடந்தது. அதற்கு எர்த் கிடைத்தது, பிழைத்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கேட்டால், "காயில் முன்னாடியே வீக்கா இருந்திருக்கும் சார்." ஒரு மிஸ்ஃபயர்கூட இல்லாமல் ஓட்டி வந்த வண்டி! பிறகு, "எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு நாங்க பொறுப்பில்ல." சாயங்காலம் போன் செய்தால், "ஓனர் வரட்டும், பேசிக்கலாம்." இன்று காலையிலிருந்து போனையே எடுக்கவில்லை. மூன்று காயிலின் விலையும் மாட்டுகூலியும் என் தலையில். டெஸ்ட்டுக்கான கூலியையும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள்.

அந்த டெஸ்ட்டாவது ஒழுங்கா? எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடியே இருந்தது. காற்றே போகாவிட்டால் நல்ல சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். நாலு சிலிண்டர் ரீடிங்கும் ஒரே மாதிரி குறைந்தால் முதலில் டெஸ்ட் செய்த விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இவர்களோ "ரிங் போச்சு, எஞ்சின் இறக்கணும்" என்கிறார்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், சுமார் 5 மில்லி, எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவில்லை. ரீடிங் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கில் கோளாறு, அசையாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்). இரண்டு நிமிட வேலை.

முறையை முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இவ்வளவாவது மனதில் வையுங்கள்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு எல்லாக் காயில் கனெக்டரையும் கழற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி (ஒரே காயிலின் பொறியை எல்லா பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பழைய வகை) என்றால் காயிலுக்கு வரும் 12 வோல்ட் வயரைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்டர் கனெக்டரையும் விடாதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்பார்கள். பல வண்டிகளில் அது பெட்ரோலை நிறுத்தும், பொறியை நிறுத்தாது.

சூடான எஞ்சின், முழு சார்ஜ் பேட்டரி, எல்லா பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுத் திறப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் முள் 5 அல்லது 6 தடவை துடிக்கும்வரை ஒரே அளவாகச் சுற்ற வேண்டும். மிகக் குறைந்த ரீடிங், மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

பைக்கில் காயிலைத் துண்டிக்க வழியில்லையென்றால், பிளக்கை அதன் வயர் முனையில் உள்ள கேப்பில் செருகி அதன் உலோக உடலை எஞ்சினோடு இறுக்கி எர்த் செய்யுங்கள், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி. கனெக்டர்கள் கழன்று தொங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை யாரையும் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.