எஸ்பிஒய்யா, எஸ்பிஎல்ஜியா?

பாஸ்டனின் ஸ்டேட் ஸ்ட்ரீட், பிறர் சொத்துகளைப் பாதுகாக்கும் வங்கி. பங்குச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய சொந்த நிதிகளும் நடத்துகிறது. அதன் எஸ்பிஒய், எஸ்பிஎல்ஜி என்ற இந்த இரு நிதிகளிலும் இருப்பவை அதே எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் ஏறத்தாழ 500 பெரிய நிறுவனங்களின் பட்டியல்) பங்குகள்தான். (சந்தையில் எஸ்பிஎல்ஜியின் இப்போதைய சுருக்கப்பெயர் எஸ்பிஒய்எம்.)

கட்டணம்: 10,000 டாலருக்கு ஆண்டுக்கு எஸ்பிஒய்யில் 9.45 டாலர், எஸ்பிஎல்ஜியில் 2 டாலர்.

அமைப்பு: எஸ்பிஒய் 1993இல் பிறந்தது, பழைய முதலீட்டு டிரஸ்ட் வடிவம். வந்துசேரும் ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்ய வழியில்லை. பட்டுவாடா நாள்வரை ரொக்கமாகக் கிடக்கும். எஸ்பிஎல்ஜிக்கு அந்தக் கட்டு இல்லை.

எளிதில் வாங்கி விற்பது: இதில் எஸ்பிஒய்யை அடிக்க ஆளில்லை. ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வணிகமும் அங்கேதான் குவிகிறது.

அன்றாடம் வாங்கி விற்பவருக்கு எஸ்பிஒய். இருபது ஆண்டு தொடாமல் வைப்பவருக்கு எஸ்பிஎல்ஜி. அவர் எஸ்பிஒய்க்குக் கொடுக்கும் கூடுதல் கட்டணம் தண்டச் செலவு.