தலைசுற்றலோடு ஊருக்குப் போனேன்

மார்ச்சில் மெல்பர்னில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, கன்கஷன் எனும் மூளை அதிர்ச்சிதான், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தலைவலி ஆறு வாரத்தில் அடங்கியது. தலைசுற்றல் மட்டும் விடவில்லை. அந்த நிலையில்தான் ஜூலையில் மூன்று வார விடுப்பில் சிங்கப்பூருக்குப் போனேன்.

முதல் வாரமே வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். கோபுரம் அப்படியே சுழன்றது. எழுபத்து நான்கு வயது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அக்கா விடாப்பிடியாக அரசுப் பாலிகிளினிக்குக் கூட்டிப் போனாள். குடிமக்கள் சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தது. ஆனால் தேதி நான் திரும்பிப் போன பிறகுதான். விடுப்பில் வருகிறவர்கள் வந்து இறங்கியதுமே போய்விடுங்கள், நான் ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டேன். சரி என்று காசு கொடுத்துத் தனியார் பிசியோதெரபிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். “சுத்துதா, மெதக்கிற மாதிரி இருக்கா, இல்ல மயக்கம் வருதாக்கா?” என்று கேட்டார். நான்கு மாதமாக எல்லாரிடமும் ‘டிஸ்ஸி’ என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். சுத்துது, வலப்பக்கம் புரண்டால் மட்டும், அரை நிமிஷத்தில் நின்றுவிடும் என்றேன். அவருக்கு அதுவே பாதி விடை.

கழுத்தில் காயமில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் விளிம்பில் சற்றே தொங்குகிற மாதிரி சட்டென்று படுக்க வைத்தார். அறை சுழன்றது. “கண்ண மூடாதீங்க” என்று குனிந்து என் கண்மணிகள் துடிப்பதைக் கவனித்தார். உட்காதில் நுண்ணிய கால்சியம் படிகங்கள் உண்டாம். தலையில் அடிபட்டால் அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுமாம். தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறையை இரண்டு தடவை செய்தார். அன்றிரவு வலப்பக்கம் புரண்டு படுத்தேன். அறை அசையவில்லை. இருட்டில் அழுதுவிட்டேன்.

நடக்கும்போது தரை மெத்தை போல அமுங்குவது மட்டும் இன்னும் போகவில்லை. தேக்கா ஈரச்சந்தையில் நனைந்த தரையும் நெரிசலும் பெரும்பாடு. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கேட்கும் ஸ்டிக்கர் இருக்கிறது, நிலையச் சேவை மையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வெளியே தெரியாத நோவு உள்ளவர்களுக்கும் அது உதவுகிறது. தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சட்டையில் ஒட்டியிருந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகள்கூட எழுந்து இடம் கொடுத்தார்கள்.

மிச்சத்துக்குக் கண் பயிற்சி. சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து பார்வை விலகாமல் தலையை இடவலமாக ஆட்ட வேண்டும். அம்மா தடித்த மார்க்கரால் ஒரு ‘அ’ எழுதிக் கொடுத்தார். அது இப்போது மெல்பர்ன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. நாற்பது விநாடி வரை மங்காமல் தெரிகிறது.