ஒரே கோப்பில் ஏழு ஆண்டுகள்: கூட்டுப்பணிச் செயலிகளுடன் என் அனுபவம்

எங்கள் அலுவலக வேலையில் பெரும்பகுதி ஏழு ஆண்டுகளாக, பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதக்கூடிய கூகுள் டாக்ஸ் (ஆவணம்), ஷீட்ஸ் (அட்டவணை) ஆகியவற்றிலும் ஒரு குழு உரையாடல் செயலியிலும்தான் நடக்கிறது. அதற்கு முன் ஓர் அறிக்கை மின்னஞ்சலில் இணைப்பாகச் செல்லும். நால்வர் திருத்தினால் நான்கு கோப்புகள் திரும்பி வரும். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’ என்று பெயரும் வளர்ந்துகொண்டே போகும். அவற்றை அருகருகே வைத்து ஒன்றாக்குவதற்கே எனக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். இன்று அந்த வேலையே இல்லை என்பதால், இனி பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலர் ஒரே பத்தியில் தட்டச்சு செய்தும் எழுத்துகள் குழம்பாதது தொடக்கத்தில் எனக்கு வியப்பாக இருந்தது. ஒருவர் செய்த மாற்றத்தால் மற்றவர் செருகும் எழுத்தின் இடம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று கணித்துச் சரிசெய்யும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1989-இலேயே விவரித்துவிட்டார்கள். அதற்கும் முன்பு, 1968-இல், தொலைவில் இருந்த சக பணியாளருடன் ஒரே ஆவணத்தைத் திரையில் பகிர்ந்து வேலை செய்ய முடியும் என்று அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் செய்துகாட்டினார். ஆனால் 2006-இல் கூகுள் தன் ஆவணச் செயலியை உலாவிக்குள் கொண்டுவந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு அது கைக்கெட்டியது.

மிகவும் சிரமப்பட்டுப் பழகியது, பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவதற்குத்தான். பாதி வாக்கியத்தில் நான் தயங்கி நிற்கும்போது மேலாளர் கோப்பில் எங்கே இருக்கிறார் என்று காட்டும், அவர் பெயர் தாங்கிய வண்ணக் கோடு அதே வரிக்கு வந்து நின்றால் கை ஓடாது. எங்கள் குழுவில் குறைந்தது மூவர், என்னையும் சேர்த்து, தனியே நோட்பேடில் எழுதி முடித்துவிட்டுப் பொதுக் கோப்பில் ஒட்டுகிறோம். கூட்டாக எழுதுவதற்கென்றே வந்த கருவியை இப்படிப் பயன்படுத்துவது வேடிக்கைதான்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று செயலி வைத்திருக்கும் திருத்த வரலாறு என் மானத்தை வாங்கிய கதையும் உண்டு. ஓர் அட்டவணையில் 480 என்று இருக்கவேண்டிய எண் 48 ஆகிவிட்டது. யார் மாற்றியது என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அந்தக் கலத்தை வலச்சொடுக்கி வரலாற்றைத் திறந்தால், முந்தைய இரவு 11 மணிக்கு என் பெயரே நிற்கிறது. அன்று முதல், கேள்வி கேட்பதற்கு முன் வரலாற்றைப் பார்த்துவிடுகிறேன்.

காணொளிக் கூட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கை கூடியது, நேரம் குறைந்தது, அவ்வளவே. சிக்கல் முழுவதும் உரையாடல் செயலியில்தான் இருக்கிறது. கோப்பில் இருந்த குழப்பம் தீர்ந்தவுடன் அது முடிவெடுக்கும் இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒரு திட்டத்தின் கெடு தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதன் கீழே ஐந்து கட்டைவிரல் குறிகள் விழுந்தன. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, இருவர் ‘ஒப்புக்கொண்டேன்’ என்ற பொருளிலும் மூவர் ‘பார்த்துவிட்டேன்’ என்ற பொருளிலும் அந்தக் குறியை இட்டிருந்தது தெரிந்தது. மின்னஞ்சலாக இருந்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள். தவிர, அந்தச் செய்தியைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆனது, ஏனெனில் கேட்டவர் ‘கெடு’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல் ‘அதைக் கொஞ்சம் தள்ளலாமா’ என்றுதான் எழுதியிருந்தார்.

உரையாடல் செயலிகளின் இலவசத் திட்டங்களை நம்பியிருப்பவர்களுக்குப் பழைய செய்தி கிடைக்காமல் போகும் இடர் இன்னும் அதிகம். எடுத்துக்காட்டாக, ஸ்லாக் என்னும் குழு உரையாடல் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாள்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் உரையாடல் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, வசதிகளின் பட்டியலைவிடப் பழைய செய்திகள் எவ்வளவு காலம் இருக்கும், அவற்றை வெளியே எடுத்துச் சேமிக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

நாங்கள் இப்போது தேதி, முடிவு, ஒப்புக்கொண்டவர் என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஒரு ஷீட்டை வைத்திருக்கிறோம். அதில் ஏறாத எதுவும் முடிவாகாது. அதை நிரப்பும் பொறுப்பு வாரத்துக்கு ஒருவர் என்று சுழல்கிறது. என் முறை வரும் வாரத்தில் மட்டுமே உரையாடல் முழுவதையும் நான் ஒழுங்காகப் படிக்கிறேன்.