சிறிய பனிச்சறுக்கு மலைக்கு வேகமான லிஃப்ட் தேவையா?

அமெரிக்காவின் வடகிழக்கில் இரண்டு பனிச்சறுக்கு மலைகள். வெர்மான்டில் உள்ள அஸ்கட்னி 2000-ல் அதிவேக லிஃப்ட் (கேபிளில் தொங்கும் நாற்காலியில் சறுக்குபவர்களை மேலே ஏற்றிச் செல்வது) ஒன்றைப் போட்டது. பத்தே ஆண்டில், 2010-ல், கடன் கழுத்தை நெரிக்க மூடப்பட்டது. அந்த லிஃப்டைக் கழற்றி விற்றார்கள்; 2012-ல் அது நியூ ஹாம்ப்ஷயரின் கிராட்செட் மலையில் ஓடத் தொடங்கியது. மெய்ன் மாநிலத்தின் சாடில்பேக் கதை இதற்கு நேர் எதிர். அங்கே நாற்காலிக்கு இருவர் உட்காரும் பழைய லிஃப்டை மாற்றப் பணம் புரளவில்லை. 2015-ல் மலையையே மூடிவிட்டார்கள். ஒன்று புதிதாகப் போட்டு நொடித்தது, இன்னொன்று போட முடியாமல் நின்றது.

அஸ்கட்னி விழுந்ததற்கு லிஃப்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். 'பழசை அப்படியே விடுங்கள்' என்பவர்களிடமும் பதில் இல்லை, 'பெரிய ரிசார்ட் மாதிரி ஆக்குங்கள்' என்பவர்களிடமும் பதில் இல்லை. எதை மாற்றுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். கிறீச்சிடும் நாற்காலி, மர லாட்ஜ் (சறுக்க வருபவர்கள் சாப்பிட்டு இளைப்பாறும் கட்டடம்), சுவரில் தொங்கும் பழைய புகைப்படங்கள் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சிறிய மலையின் தனித்தன்மை பெரும்பாலும் மூன்று விஷயங்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: சறுக்கும்போது தடத்தில் எத்தனை பேர் கூட இருக்கிறார்கள், சாதாரணக் குடும்பம் டிக்கெட் வாங்க முடிகிறதா, முடிவெடுப்பவர் அந்த மலையில் சறுக்குபவரா. இந்த மூன்றையும் கெடுக்காத மாற்றம் எதுவானாலும் சரி.

லிஃப்ட்: மெதுவா, வேகமா

லிஃப்டில் இரண்டு சாதி. ஃபிக்ஸட் கிரிப் லிஃப்டில் நாற்காலி கேபிளை விடாமல் பிடித்திருக்கும். கேபிள் ஓடும் வேகத்திலேயே நாற்காலி வந்து நம் முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும். அதனால் வேகத்தை நொடிக்கு சுமார் 2.4 மீட்டருக்கு மேல் கூட்ட முடியாது. டிட்டாச்சபிள் லிஃப்டில் நாற்காலி நிலையத்துக்குள் வந்ததும் கேபிளை விட்டுவிடும். ரப்பர் டயர் வரிசைமேல் ஊர்ந்து வந்து நம்மை ஏற்றிக்கொண்டு, மறுபடி கேபிளைக் கவ்வும். வழியில் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் போகும்.

'வேகமான லிஃப்ட் வந்தால் வரிசை குறையும்' என்ற பேச்சு பாதிதான் உண்மை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மேலே போகிறார்கள் என்பது நாற்காலிகளுக்கு இடையிலான நேரத்தையும் ஒரு நாற்காலியில் எத்தனை இருக்கை என்பதையும் பொறுத்தது. ஆறு நொடிக்கு ஒரு நால்வர் நாற்காலி வந்தால், கேபிள் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் மணிக்கு 2,400 பேர்தான். வேகத்தால் குறைவது பயண நேரம் மட்டுமே.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,500 மீட்டர் நீள லிஃப்ட், இறங்க 5 நிமிடம், மலையில் 400 பேர். பழைய இருவர் லிஃப்ட் என்றால் ஏற 10 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், மணிக்கு 1,200 பேர் போகலாம். எந்த நேரத்திலும் சுமார் 210 பேர் நாற்காலியில், 100 பேர் தடத்தில், மீதி 90 பேர் வரிசையில். காத்திருப்பு ஐந்து நிமிடத்துக்குள். அதே வேகத்தில் மூவர் லிஃப்ட் போட்டால் வரிசையே இருக்காது, தடத்தில் 130 பேர். நால்வர் டிட்டாச்சபிள் போட்டால் ஏறுவதற்கு 5 நிமிடம்தான். வரிசை இல்லை, ஆனால் தடத்தில் 200 பேர்.

கூட்டம் ஒன்றுதான். ஒரு டிக்கெட்கூட அதிகம் விற்கவில்லை. ஆனாலும் தடத்தில் நெரிசல் இரண்டு மடங்கு. முன்பு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போனவர்கள் இப்போது நமக்கு முன்னாலும் பின்னாலும் சறுக்குகிறார்கள். அகலமான தடங்கள் உள்ள பெரிய ரிசார்ட் இதைத் தாங்கும். 1940, 50-களில் மரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து வெட்டிய குறுகலான தடங்கள் தாங்காது. பனி நடுப்பகலுக்குள் சுரண்டப்பட்டு ஐஸ் தெரியும். பிறகு 'தடத்தை அகலப்படுத்துவோம்' என்று மரம் வெட்ட வருவார்கள். அங்கேதான் தனித்தன்மை போகிறது.

டிட்டாச்சபிள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காற்று வீசும் ஜனவரியில் பத்து நிமிடம் நாற்காலியில் உறைவது குழந்தைகளுக்குக் கொடுமை. புதிதாகப் பழகுபவர்கள் ஏறுவதும் அதில்தான் சுலபம். ஃபிக்ஸட் கிரிப்பில் லிஃப்ட் ஊழியர் ஒவ்வொரு நாற்காலியாகக் கையால் பிடித்து, பின்னுக்கு இழுத்து, ஆட்டத்தை அடக்கி ஆளை உட்கார வைக்க வேண்டும். கண் அசந்தால் ஒரு சிறுவன் விழுவான், லிஃப்ட் நிற்கும், மேலே தொங்குபவர்கள் எல்லாம் காத்திருக்க வேண்டும். இதற்கு மலிவான தீர்வு ஒன்று உண்டு: ஏறும் இடத்தில் ஓடும் பட்டை. நாம் நிற்கும் பட்டையும் நாற்காலி போகும் திசையிலேயே நகர்வதால் இடி குறையும், கேபிளையும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாம்.

விலையும் பராமரிப்பும் வேறு. ஃபிக்ஸட் கிரிப் பொதுவாக டிட்டாச்சபிளின் விலையில் பாதிக்கும் கீழே. டிட்டாச்சபிளில் கேபிளைக் கவ்வும் ஒவ்வொரு பிடியையும் காலமுறைப்படி பிரித்துச் சோதிக்க வேண்டும், அதோடு டயர், பெல்ட், சென்சார். அதற்குத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும், அவரைத் தேடி அலைய வேண்டும். கடன் வாங்கிப் போட்டால் பனி இல்லாத ஒரே ஒரு குளிர்காலம் போதும், கதை முடிந்துவிடும்.

அப்படியிருந்தும் சாடில்பேக் 2020 டிசம்பரில் மறுபடி திறந்தபோது அந்தப் பழைய இருவர் லிஃப்டின் இடத்தில் டிட்டாச்சபிள்தான் வந்தது. அங்கே அது சரி என்றே எனக்குப் படுகிறது. ஊர்களை விட்டுத் தள்ளி இருக்கும் பெரிய மலை. தடங்கள் நிறைய, ஆட்கள் குறைவு. மலையின் மையமான லிஃப்ட் அதுதான், அதை விட்டால் மேலே போக வழி சிக்கல். பணமும் சமூக நோக்கோடு முதலீடு செய்யும் ஒரு நிதியத்திலிருந்து வந்தது. நெரிசல் பற்றிய என் கவலை, தடம் நிறைய இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது.

புதுப்பிப்பதா, செகண்ட் ஹேண்டா

வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் 1948-லிருந்து ஒருவர் மட்டும் உட்காரும் லிஃப்டை ஓட்டி வருகிறது. 1995-ல் அங்கே சறுக்குபவர்களே கூட்டுறவு அமைத்து மலையை வாங்கினார்கள். லிஃப்ட் தேய்ந்து போனபோது இருவர் லிஃப்டாக மாற்றுவதா, இருப்பதையே புதுப்பிப்பதா என்ற கேள்வி எழுந்தது. புதுப்பிப்பது என்று முடிவானது. 2007-ல் கோபுரங்களைச் சீர்செய்து, ஓட்டும் இயந்திரம் உட்படத் தேய்ந்ததை எல்லாம் மாற்றி, அதே ஒற்றை நாற்காலியோடு மறுபடி ஓடவிட்டார்கள். வெளியில் பார்த்தால் பழசு, உள்ளே புதுசு. வரிசை நீளும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். தடத்தில் ஆள் குறைவாக இருப்பதற்காக வரிசையில் நிற்கச் சம்மதித்தவர்கள் அவர்கள். எல்லா மலைக்கும் இப்படிப்பட்ட ரசிகர்கள் கிடைக்க மாட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதே மாநிலத்தின் மேஜிக் மலை இன்னொரு வழியில் போனது. பக்கத்து ஸ்ட்ராட்டன் ரிசார்ட் தன் நால்வர் ஃபிக்ஸட் கிரிப் லிஃப்டைக் கழித்தபோது மேஜிக் அதை வாங்கி, தன் பழைய இருவர் லிஃப்டின் இடத்தில் போட்டது. கேட்க நல்ல பேரம்தான். ஆனால் லிஃப்டில் விலை என்பது இரும்பு மட்டும் இல்லை. அடித்தளம், மின்சாரம், கட்டுப்பாட்டுப் பெட்டி, அனுமதி, கோபுரங்களைத் தூக்கி நிறுத்த ஹெலிகாப்டர், கட்டுமானத்துக்குக் கிடைக்கும் குறுகிய கோடை எல்லாம் சேர்ந்ததுதான். 2018 வாக்கில் வாங்கியது ஓடுவதற்குப் பல சீசன் பிடித்தது. செகண்ட் ஹேண்ட் லிஃப்ட் வாங்குகிறவர்கள் பணத்தில் மிச்சம் பிடிப்பதைக் காலத்தில் கொடுத்துவிடுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், கடன் இல்லாமல் காத்திருக்க முடிந்தால் இது நல்ல வழி.

பனி: செய்வதா, வானத்தை நம்புவதா

லிஃப்டைவிட முக்கியமான கேள்வி இது. ஆனால் யாரும் இதைப் போஸ்டரில் போடுவதில்லை.

வானத்தை நம்பியே பிழைக்கும் மலை உண்டு. மிச்சிகனின் வட முனையில், சுப்பீரியர் ஏரியின் ஈரக்காற்றில் பனி கொட்டும் இடத்தில், 2000-ல் திறந்த மவுண்ட் பொஹிமியா செயற்கைப் பனியும் செய்வதில்லை, தடத்தை இயந்திரம் கொண்டு சமன் செய்வதும் இல்லை. புதிதாகப் பழகுபவர்கள் வர வேண்டாம் என்றே சொல்கிறார்கள். செலவு குறைவு, சீசன் பாஸும் மலிவு. அதன் தனித்தன்மையே அதுதான். ஆனால் அந்த ஏரி இல்லாத மலை அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

மற்ற மலைகளுக்கு வருமானம் குவியும் நாட்கள் கொஞ்சம்தான்: கிறிஸ்துமஸ் வாரம், பிப்ரவரி விடுமுறை வாரம். அந்த நாட்களில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரு தடமாவது திறந்திருக்க வேண்டும். கனெக்டிகட்டின் மோஹாக் மலை 1950-லேயே இயந்திரப் பனியைச் சோதித்துப் பார்த்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை: நீரை நுண்துளியாக்கிக் குளிர்காற்றில் வீச வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்கும் வெப்பநிலை) சுமார் மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டும். காற்று வறண்டிருந்தால் சாதாரண வெப்பமானி 0 காட்டும்போதே தொடங்கலாம். ஈரமான இரவில் அதற்கும் கீழே போனாலும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

1,500 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தை 45 சென்டிமீட்டர் கனத்துக்கு மூட சுமார் 20,000 கன மீட்டர் பனி வேண்டும். அதற்குத் தண்ணீர் ஏறக்குறைய 90 லட்சம் லிட்டர். அதனால் முதல் செலவு பனியை வீசும் துப்பாக்கிக்கு இல்லை, குளத்துக்கும் பம்புக்கும் குழாய்க்கும். குளம் சிறியதாக இருந்தால் குளிர் கிடைக்கும் மூன்று இரவில் இரண்டாவது இரவே தண்ணீர் தீர்ந்துவிடும். பழைய துப்பாக்கிகள் அழுத்தக் காற்றை விழுங்கும், டீசல் கம்ப்ரசர் இரவு முழுக்க உறுமும். புதியவை அதில் சிறு பங்கு காற்றிலேயே வேலை செய்யும்.

என் ஓட்டு இங்கேதான். லிஃப்டுக்கு என்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இரண்டே இரண்டு தடத்துக்குக் குளமும் குழாயும் போடலாம். மீதித் தடங்களை இயற்கைப் பனிக்கே விட்டுவிடலாம். புதையுண்ட குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள், மலையின் முகம் மாறாது. கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் கைக்கு வந்துவிடும்.

லாட்ஜைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கழிப்பறை, சமையலறை, கூரை இந்த மூன்றையும் சரி செய்தால் போதும். புது லாட்ஜ் கட்டிய கடனை உணவு விலையில் ஏற்றுவார்கள், வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருபவர்களுக்கு உட்கார இடம் இருக்காது.

பணம் யாருடையது

2008-ல் எபிக் பாஸும் 2018-ல் ஐகான் பாஸும் வந்த பிறகு சிறிய மலைகளின் உலகம் மாறிவிட்டது. ஒரே பாஸில் டஜன் கணக்கான பெரிய மலைகள் கிடைக்கும்போது தனி மலை எப்படி நிற்கும்? விற்றுவிடுவது ஒரு வழி. கிராட்செட் உட்பட 17 மலைகள் 2019-ல் ஒரே மூச்சில் எபிக் பாஸை நடத்தும் வெய்ல் நிறுவனத்திடம் போயின. அப்படிப் போனால் முதலீடு வரலாம். ஆனால் டிக்கெட் விலையும் பாஸ் விதியும் எங்கோ தொலைவில் முடிவாகும். அதே 2019-ல் தொடங்கிய இண்டி பாஸ் வேறு ரகம். ஒவ்வொரு மலையிலும் இரண்டு நாள், வந்தவர்கள் கணக்குப்படி மலைக்குப் பணம், உரிமை மலையிடமே. சிறிய மலைக்கு இது தலைவலி இல்லாத கூட்டு. மொன்டானாவின் பிரிட்ஜர் பௌல், ஐடஹோவின் போகஸ் பேசின் போல லாப நோக்கற்ற அமைப்பாக நடத்துவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வழி. பங்குதாரருக்குப் போக வேண்டிய லாபம் என்று ஒன்று இல்லை, மிஞ்சுவது மலைக்கே திரும்பும்.

எந்த வழியானாலும் ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்தான் என்ற வரம்பை லிஃப்ட் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். லிஃப்ட் வந்த பிறகு தவணை கட்ட வேண்டும் என்ற காரணம் வந்துவிடும், வரம்பு தானாக ஏறும். கொலராடோவின் அரப்பஹோ பேசின் 2019-ல் எபிக் பாஸ் கூட்டணியிலிருந்து வெளியேறியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கார் நிறுத்த இடமில்லை என்பது. அதற்குப் பிறகு அவர்கள் பாஸ் விற்பனையைக் கட்டுப்படுத்தினார்கள். சிறிய மலையில் கூட்டத்துக்கு உண்மையான அணை அந்தக் கார் நிறுத்துமிடம்தான். அதைப் பெரிதாக்கும் திட்டம் ஓட்டெடுப்புக்கு வந்தால், லிஃப்ட் எதுவாக இருந்தாலும், நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.