ஆன்லைன் எம்.ஏ.வும் வீடும்: கூகுள் காலண்டரை ஒரு வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

ரெண்டு பிள்ளைங்க, வீட்ல வயசான அத்தை, வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, இதுக்கு நடுவுலதான் இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆன்லைன் எம்.ஏ. சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் டைரி, நோட்டு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சீட்டுன்னு எல்லாம் பார்த்தாச்சு. காசு கட்டி ஒரு பிளானர் ஆப்பும் வாங்கினேன், பேர் வேண்டாம், அதுல ஒவ்வொரு வேலையையும் வகை பிரிச்சு அடுக்கவே அரை மணி நேரம் போயிடும், அந்த அரை மணில நாலு பக்கம் படிச்சிருக்கலாம்னு நிறுத்திட்டேன்.

இப்போ ஒரு வருஷமா கூகுள் காலண்டர் மட்டும்தான், ஃப்ரீ, போன்லயும் லேப்டாப்லயும் ஒண்ணாவே ஓடும். பலபேர் இதை மீட்டிங்குக்குன்னு நினைச்சு விட்டுடறாங்க. எனக்கு கண்ணைத் திறந்தது ஒரு கணக்குதான். இக்னோல 1 கிரெடிட்னா 30 மணி நேர படிப்பு. வருஷத்துக்கு 40 கிரெடிட்னா 1200 மணி, அதாவது வாரத்துக்கு கிட்டத்தட்ட 23 மணி நேரம்! நேரம் கிடைக்கறப்போ படிக்கலாம்னு இருந்தா 23 மணி எங்கிருந்து வரும்? அதனால காலைல 4:30ல இருந்து 6 வரை, பிள்ளைங்க வேன் ஏறினப்புறம் 2 மணி நேரம், ராத்திரி 1 மணி நேரம்னு பச்சை கலர்ல கட்டம் போட்டு தினமும் ரிப்பீட் ஆகற மாதிரி வெச்சேன். பிள்ளைங்க ஸ்கூல் விஷயம் மஞ்சள், அத்தையோட டாக்டர் செக்கப் சிவப்பு.

உண்மையில வீட்டை மாத்தினது ஷேரிங்தான். லேப்டாப்ல செட்டிங்ஸ் போய் வீட்டுக்காரரோட மெயில் ஐடி குடுத்து, அவரும் மாத்தி எழுதற மாதிரி அனுமதி குடுத்துட்டேன். அவர் தன்னோட ஷிப்ட்டை அதுலயே போட்டுடறார், எந்த நாள் யார் பிள்ளைங்களை கூட்டிட்டு வரணும்னு கேக்கவே தேவையில்லை. முன்னாடி நான் படிக்கற நேரம் என் மனசுக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு, வீட்ல யாருக்கும் தெரியாது, அதான் யார் கூப்பிட்டாலும் எந்திரிச்சு போயிட்டே இருந்தேன். இப்போ பச்சை கட்டத்துல எதையும் போடக்கூடாதுன்னு அவருக்கே தெரியும்.

அத்தைக்கு போன் பழக்கமில்ல. அவங்களுக்காக ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த வாரத்தை அடுக்களையில தொங்கற மாத காலண்டர்ல பேனால எழுதிடுவேன், பத்து நிமிஷ வேலைதான். இதை விட்டுடாதீங்க. காலைல குக்கர் விசிலை அவங்க பார்த்துக்கறதே அதைப் பார்த்துதான்.

புதுசா சேர்றவங்க முதல்ல டிசம்பரையும் ஜூனையும் திறந்து பாருங்க. இக்னோ டேர்ம் எண்ட் எக்ஸாம் அந்த ரெண்டு மாசத்தையும் ஒட்டித்தான் வரும், டிசம்பர்ல பிள்ளைங்களுக்கு அரையாண்டு பரீட்சை, ஜூன்ல ஸ்கூல் திறக்கும், யூனிஃபார்ம், நோட்டுக்கு அட்டைன்னு அலைச்சல். போன டிசம்பர்ல இதை நவம்பர் கடைசிலதான் கவனிச்சேன், ரெண்டு பக்கமும் திணறி அழுதுட்டேன். இந்த தடவை செப்டம்பர்லயே குறிச்சு வெச்சு, எங்க அம்மாவை அந்த ரெண்டு வாரம் வந்து இருக்க சொல்லிட்டேன்.

அசைன்மென்ட்டுக்கு கடைசி தேதியை மட்டும் போட்டா பத்தாது, அதுக்கு பத்து நாள் முன்னாடி எழுத ஒரு கட்டம், மூணு நாள் முன்னாடி ஸ்கேன் பண்ண ஒரு கட்டம்னு தனித்தனியா போடுங்க. கூகுள் காலண்டருக்கு 5க்கு நாலரை குடுப்பேன், மீதி அரை மார்க் அடுக்களை காலண்டருக்கு.