பயத்தைப் பற்றிப் பேச எந்தக் கதை: கோலியாத்தா, கடல் புயலா?

ஞாயிறு பள்ளியில் தைரியம் என்றாலே மேய்ப்பன் தாவீது ராட்சதன் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்தும் கதைதான் (1 சாமுவேல் 17). கோலியாத்தின் ஒன்பதரை அடி உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக் காட்டினால் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஆனால் தாவீது எடுத்துச் சென்ற ஐந்து கூழாங்கல்லோடு நிறுத்திவிட்டால், "பயந்தால் விசுவாசம் இல்லை", "எதிரியை அடிக்க வேண்டும்" என்றே பிள்ளை புரிந்துகொள்ளும். சிங்கத்தையும் கரடியையும் முன்பே எதிர்கொண்டவன் தாவீது. அரசன் சவுலின் கவசத்தைப் போட்டுப்பார்த்துக் கழற்றியவன். இவ்விரண்டையும் விடாமல் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் நன்றாகப் பொருந்தும்.

இருட்டுக்கும் இடிக்கும் நடுங்கும் நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் இயேசு கடலில் புயலை அமர்த்திய கதையே (மாற்கு 4:35-41) மேல். இதில் படகில் இருந்த சீடர்கள், பெரியவர்களே, அலறுகிறார்கள். பயத்தை மறைக்க வேண்டியதில்லை என்பது அங்கேயே விளங்கிவிடும். நீலப் போர்வையை நான்கு பிள்ளைகள் மூலைக்கு ஒருவராகப் பிடிக்க, நடுவில் காகிதக் கப்பல். முதலில் மெல்ல, பிறகு வேகமாக அசைக்கட்டும். "இரையாதே, அமைதலாயிரு" என்றதும் சட்டென நிறுத்தி, பத்து விநாடி மௌனம். அந்த மௌனத்தைக் குறைத்துவிடாதீர்கள், பாடமே அதில்தான்.

"ஏன் பயப்பட்டீர்கள்?" என்பதைத் திட்டுவதுபோல் வாசிப்பதே இங்கே வழக்கமான தவறு. மாற்குவில் இயேசு முதலில் காற்றை அடக்குகிறார், பிறகுதான் கேட்கிறார். அதே வரிசையில், தணிந்த குரலில் சொல்லுங்கள். மனப்பாடத்துக்குச் சங்கீதம் 56:3: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."