சுவர்க் கலண்டரா, வாட்ஸ்அப் குழுவா, கூகுள் கலண்டரா?

மூத்தவளின் உயர்தர வகுப்பு இன்றைக்கு எத்தனை மணிக்கு, சின்னவனின் மாதிரி வினாத்தாளுக்குக் காசு கட்டியாகிவிட்டதா, மாமியாரின் கிளினிக் எந்தத் திகதி, சீட்டுக் காசு யாருக்குப் போக வேண்டும். திருகோணமலையில் நான் அறிந்த வீடுகளில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒருவரிடம்தான் போய்ச் சேர்கின்றன. பெரும்பாலும் அம்மா. அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் அப்படித்தான். வீட்டை ஒழுங்குபடுத்தவென்று நம்மிடம் இருக்கும் மூன்று கருவிகளையும் ஒப்பிடும்போது வேகம், வசதி, விலை என்று பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். அம்மாவின் தலையில் இருக்கும் பாரத்தை எது இறக்குகிறது, எது கூட்டுகிறது என்றே நான் பார்க்கிறேன்.

சுவர்க் கலண்டரில் தொடங்குவோம். மார்கழியில் கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பது. போயா, விரதம், ராகுகாலம் எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சாகி இருக்கின்றன. கிண்ணியா, மூதூர் வீடுகளில் தொங்குபவற்றில் ஹிஜ்ரித் திகதியும் இருக்கும். கடவுச்சொல் தேவையில்லை, அம்மம்மாவும் பார்த்துச் சொல்வார். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, கைப்பேசிகள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. சுவரில் எழுதிவைத்தது அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியும் (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) இருந்தால் கடைக்கணக்கு, சீட்டுக்கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அடுத்த வருடம் "போன தடவை எவ்வளவு கொடுத்தோம்?" என்று கேட்டால் கொப்பி பதில் சொல்லும்.

குறையும் வெளிப்படையானது. சுவர் வீட்டை விட்டு நகராது. சீனக்குடாவில் வேலையில் இருக்கும் அப்பாவுக்கோ, கொழும்பில் தங்கிப் படிக்கும் மகனுக்கோ அதில் எழுதியது தெரியாது. அவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவை நாம் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர்கள் பாடத்தைப் படம்பிடித்து அனுப்பினார்கள். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்குக் கொண்டுபோனால், பிள்ளையின் பள்ளிக்கூடமும் அவரோடு போய் இரவில் திரும்பி வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னும் குழுக்கள் கலையவில்லை. வகுப்பு, கோயில், சீட்டு, வேலை நேரம் எல்லாம் இன்று அதில்தான்.

அதன் பெரிய பலம் குரல். எழுதத் தயங்குகிறவர்களும் பேசி அனுப்புகிறார்கள். திருக்கடலூரில் கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு இது சின்ன வசதியல்ல. கரைக்கு வந்ததும் ஒரு குரல்பதிவில் செய்தி வீட்டுக்குப் போய்விடுகிறது. இதை நான் முழு மனதோடு மதிக்கிறேன்.

ஆனால் ஒழுங்கு என்று வரும்போது குழுவின் மேல் எனக்குக் கடுமையான குற்றச்சாட்டு உண்டு. நேர மாற்றத்தை அது மிகச் சுலபமாக்கிவிட்டது. முன்பு ஒரு பிரத்தியேக வகுப்பின் நேரத்தை மாற்ற வேண்டுமானால் ஆசிரியர் முந்திய வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். அந்தச் சிரமம் இருந்ததால் அவசியம் இருந்தால்தான் மாற்றினார்கள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களின் முறைப்பட்டியலும் தாளில் எழுதி ஒட்டினால் கிழமை முழுவதும் பெரிதாக மாறாது. இப்போது இரவு பத்தரைக்கு ஒரு குரல்பதிவு போதும். மாற்றுகிறவருக்கு அரை நிமிட வேலை. காலையில் சமையல் நேரத்தைத் தள்ளி, முச்சக்கரவண்டிக்காரருக்குச் சொல்லி, சின்னவனை அயல்வீட்டு அக்காவிடம் விட்டு, அந்த மாற்றத்தின் விலையைக் கட்டுவது வீட்டில் இருப்பவர். தொழில்நுட்பம் சிரமத்தை இல்லாமல் ஆக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றியிருக்கிறது. வேலை வழங்குவோரும் ஆசிரியர்களும் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, குழுவில் வருவது செய்தி மட்டுமே, அது பதிவாகிவிடாது. "நாளை வகுப்பு இல்லை" என்று நள்ளிரவுக்குச் சற்று முன் அனுப்பியதைக் காலையில் வாசிக்கிறவருக்கு, நாளை என்றால் எந்த நாள்? காலை வணக்கப் படங்களுக்கு அடியிலிருந்து அதைத் தோண்டியெடுத்து நினைவில் வைப்பது மறுபடியும் அம்மாதான். புயல் நாட்களில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவும் ஆகலாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டோம். கைமாறி வரும் எச்சரிக்கையில் நமக்கு அனுப்பப்பட்ட நேரம் தெரியும். அது முதலில் எழுதப்பட்ட நேரம் தெரியாது. காலநிலை எச்சரிக்கைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை நேரடியாகப் பார்ப்பதே சரி.

கூகுள் கலண்டர் 2006 முதல் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பயன்படுத்தலாம். ஒரு குடும்பக் குழுவில் ஆறு பேர் வரை சேர்ந்து ஒரே கலண்டரைப் பார்க்கலாம். ஒவ்வொரு செவ்வாயும் வருகிற வகுப்பை ஒரே தடவை பதிந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது நேர வித்தியாசத்தை அது தானே கணக்கிடுவது: இங்கே மாலை ஐந்து மணிக்கு என்று பதிந்தது கட்டாரில் இருக்கும் தகப்பனின் கைப்பேசியில் பிற்பகல் இரண்டரை என்று தெரியும். மகளின் பரீட்சை நாள் எது என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தூரத்தில் இருப்பவரையும் வீட்டின் அன்றாடத்துக்குள் சேர்ப்பதில் மற்ற இரண்டும் இதன் அருகில் வர முடியாது.

ஆனால் ஒவ்வொருவருக்கும் கணக்கு வேண்டும். கைப்பேசி மாறும்போது கடவுச்சொல் மறந்துபோகும். மூன்று பேருக்கு ஒரு கைப்பேசி இருக்கும் வீட்டில், நினைவூட்டல் ஒலிக்கும் நேரம் அது யார் கையில் இருக்குமோ. எல்லாவற்றையும் அம்மாவே பதிந்துகொண்டிருந்தால், அவருக்கு இன்னொரு வேலை கூடியதுதான் மிச்சம்.

2022 யூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்கும் முறை வந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வரிசைகள் குறைந்ததற்குக் கைப்பேசி மட்டும் காரணம் அல்ல. எந்த வாகனத்துக்குக் கிழமைக்கு எத்தனை லீற்றர் என்ற விதி முதலில் தெளிவானது. பலர் அந்தக் குறியீட்டை அச்சிட்டு, லமினேட் செய்து பணப்பையில் வைத்துக்கொண்டார்கள். விதி தெளிவாக இருந்ததால் தாளும் கைப்பேசியும் ஒரே வேலையைச் செய்தன.

என் தெரிவு இது. உவர்மலையில் இரண்டு பேரும் சம்பளத்துக்குப் போய், பிள்ளைகளிடமும் கைப்பேசி இருக்கும் வீடு என்றால் கூகுள் கலண்டர், ஆனால் யாருடைய அலுவலோ அவரே பதிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கைப்பேசி குறைந்த, கடலை நம்பிய வீட்டுக்குச் சுவர்க் கலண்டரும் கொப்பியும். அங்கும் அதே நிபந்தனைதான்: பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் வகுப்பைத் தானே பேனையால் எழுதத் தெரியும். கிளினிக் திகதிக்கு மட்டும் எந்த வீட்டிலும் வைத்தியசாலையில் எழுதித் தரும் கொப்பியே கடைசிச் சொல். வீட்டுக்கு வந்த அன்று மாலையே கலண்டருக்கு மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பைச் செய்தி சொல்ல வைத்துக்கொள்ளலாம், நாட்களை நிர்வகிக்க வேண்டாம். குழு நடத்தும் ஆசிரியர்களிடமும் முகாமையாளர்களிடமும் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அறிவிப்புக்கென்று தனிக் குழு தொடங்குங்கள். நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைக்க அதில் வசதி இருக்கிறது. "நாளை" என்று எழுதாமல் கிழமையையும் திகதியையும் எழுதுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு அடுத்த நாளின் நேரத்தை மாற்றாதீர்கள்.